நாலு பிரிப் பின்னல்

சூலியா தெரு, பினாங்கு
12 ஏப்ரல் 1934

தம்பி சீனி முகம்மதுவுக்கு லாத்தா ருக்கையா எழுதுவது. சலாம். எனக்கு உடம்பு தேவலை. சலேஹாவின் முழங்காலில் வந்த கட்டி உடைந்து ஆறிவிட்டது. உனக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? மழையில் நனைந்தால் உடனே தலையைத் துவட்டு. இங்கே இருந்தபோது நான் துவட்டிவிட்டேன். அங்கே யார் இருக்கிறார்கள்?

ஒரு விஷயம் எழுதுகிறேன். சிரி. ஆனால் யாரிடமும் சொல்லாதே.

உன் மச்சான் பிப்ரவரியில் ஒரு கடிதம் போட்டார். கப்பலின் அடியில் ஓட்டை விழுந்துவிட்டதாம். சிங்கப்பூரில் பழுது பார்க்கும் தொட்டியில் ஏற்றியிருக்கிறார்களாம். எப்போது முடியும் என்று தெரியாது, அதுவரை அங்கேதான் என்று எழுதியிருந்தார். அதைச் சலேஹாவுக்குப் படித்துக் காட்டினேன். படித்திருக்கக் கூடாது. ஓட்டையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு பெரிய ஓட்டை? உம்மா கை நுழையுமா? வாப்பா தூங்குற இடத்துக்குத் தண்ணி வருமா?

போன வாரம் தெருமுனை தர்காவில் லெப்பை பிள்ளைகளுக்குக் கதை சொல்லியிருக்கிறார். நாகூர் பாதுஷா நாயகம் சவரம் செய்துகொண்டிருந்தபோது நடுக்கடலில் ஒரு கப்பல் ஓட்டை விழுந்து மூழ்கப் போனதும், நாயகம் கையிலிருந்த கண்ணாடியை வீசியதும், அது போய் ஓட்டையை அடைத்ததும். நீயும் நானும் கேட்டு வளர்ந்த கதைதான்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு இவளைக் காணோம். பக்கத்து வீட்டு நூர்ஜான் கடற்கரையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "ஒம் மவ வேலையப் பாருடி ருக்கையா. தொங்கான் படகு கட்டுற பலகையில நின்னுக்கிட்டு கண்ணாடிய வீசுறா. மூட்டை தூக்குற சீனர் ஒருத்தர் பாவாடையப் புடிக்காட்டி அவளும் உள்ளதான்லா."

என் கல்யாணக் கண்ணாடி. பித்தளைப் பிடி போட்டது. நான் அடிக்கவில்லை. "போய்ச் சேந்திருக்கும்ல உம்மா?" என்று கேட்டாள். சேர்ந்திருக்கும் என்றேன்.

தலையை யாரையும் தொடவிடுவதில்லை. உன் மச்சான் பின்னுவது உனக்குத் தெரியும், கப்பலில் கயிறு பின்னுகிற மாதிரி நாலு பிரி. எனக்கு மூன்று பிரிதான் வரும். "வாப்பா வந்து பின்னட்டும்" என்று விரித்துப் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

நீ அதே ஊரில் இருக்கிறாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் பகார் பக்கம் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு எழுது. கப்பலைப் பார்த்தால் போதும். ஆளைப் பார்த்தால் இன்னும் நல்லது.

சலேஹா உன்னிடம் ஒரு யானை கேட்கிறாள். கடிதத்தின் ஓரத்தில் போட்டால் போதுமாம்.

ருக்கையா


சிங்கப்பூர்
29 ஏப்ரல் 1934

லாத்தாவுக்குச் சீனியின் சலாம். இருமல் இருந்தது, போய்விட்டது. விடுதியில் மீன் மட்டும் வாயில் வைக்க முடியவில்லை. சலேஹாவின் கட்டி ஆறியது பற்றிச் சந்தோஷம். மறுபடி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கண்ணாடி பற்றிய பகுதியை.

கல்லூரியில் இரண்டு வருடமாக மனித மனத்தைப் பற்றிப் புத்தகங்கள் படிக்கிறேன். அதில் ஒன்றும் இந்த மாதிரி இல்லை. ஒரு பிள்ளை கடலில் கண்ணாடியை வீசுகிறாள். அது போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியும். நமக்கு எதுவும் அப்படித் தெரியாது.

சனி ஞாயிறுகளில் ஒரு விளம்பரப் படக் கம்பெனியில் வேலை செய்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அங்கே என் வேலை இது: காகிதத்தில் ஒரு மீன் வரைகிறேன். அடுத்த காகிதத்தில் அதே மீன், வால் மட்டும் கொஞ்சம் திரும்பியிருக்கும். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். தலைக்கு மேலே குனிந்து பார்க்கிற மாதிரி காமிரா. ஒரு காகிதத்துக்குக் கைப்பிடியை ஒரு சுற்று. திரையில் ஓட்டினால் மீன் நீந்துகிறது. வெட்டி எறியும் பிலிம் துண்டுகளை என் சொந்தப் படத்துக்கு எடுத்துக்கொள்ள முதலாளி சம்மதித்திருக்கிறார்.

கண்ணாடி விழுந்தபோது முகம் மேலே இருந்ததா, கீழேயா? வெயில் பட்டு மின்னியதா? வீசும்போது ஏதாவது சொன்னாளா? உடனே மூழ்கியதா, மிதந்ததா? பிடியில் என்ன சித்திரம்? நீங்கள் சேர்ந்திருக்கும் என்று சொன்னதும் அவள் முகம் எப்படி இருந்தது?

யாரிடமும் சொல்லவில்லை. தொட்டிப் பக்கம் அடுத்த வாரம் போகிறேன்.

ஓரத்தில் இருக்கும் யானை சலேஹாவுக்கு. அதன் காதில் இருப்பது ஈ, மைக்கறை அல்ல.

சீனி


சூலியா தெரு
10 மே 1934

தம்பிக்குச் சலாம். இங்கே எல்லாரும் சுகம். எனக்கு மட்டும் பல்வலி; கிராம்பு வைத்திருக்கிறேன். மீன் பிடிக்கவில்லையென்றால் முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிடு.

கண்ணாடி பற்றி ஆறு கேள்வி கேட்டிருக்கிறாய். உன் மச்சான் பற்றி ஒரே வரி. படிக்கிற பிள்ளைகள் இப்படித்தான் போல.

பதில் எழுதுகிறேன். முகம் கீழே இருந்ததாம், இல்லாவிட்டால் ஓட்டையைப் பார்க்க முடியாதாம். மின்னியது. "எங்க வாப்பா கப்பலுக்கு, வேற கப்பலுக்குப் போகாதே" என்று சொன்னாளாம். பிடியில் கொடி. மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது.

யானையை எல்லாருக்கும் காட்டினாள். லெப்பையும் பார்த்தார். உருவம் வரைகிறவனைப் பார்த்து மறுமையில், வரைந்ததற்கு உயிர் கொடு என்று கேட்பார்களாம். என் தம்பி மீனுக்கு வாலையாவது ஆட்டிவிட்டான். பாதி தப்பித்தான் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது. சிரித்து நாளாயிற்று.

தொட்டிக்குப் போனாயா?

சலேஹா தினமும் கடற்கரைக்குப் போகக் கேட்கிறாள். நான் விடுவதில்லை. மாடியிலிருந்து பார்க்கிறாள்.

ருக்கையா


சிங்கப்பூர்
2 ஜூன் 1934

லாத்தாவுக்குச் சலாம். பல்வலி நின்றதா? நான் நலம்.

தொட்டிப் பக்கம் போனேன். வாசலில் காவல்காரர் உள்ளே விடவில்லை. கப்பல் இன்னும் தொட்டியில்தான் இருக்கிறது என்று சொன்னார்கள். மச்சானைப் பார்க்க முடியவில்லை. வேலையாக இருப்பார்.

இங்கே வெயில் அதிகம். பிற்பகலில் மழை. பரீட்சை நெருங்குகிறது. விடுதியில் மீனை நிறுத்திவிட்டு இறைச்சி போடுகிறார்கள். அதுவும் நன்றாக இல்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

சலேஹாவுக்கு இந்த முறை படம் இல்லை. மை தீர்ந்துவிட்டது.

சீனி


சூலியா தெரு
9 ஜூன் 1934

தம்பிக்குச் சலாம். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். நீ சுகமாக இரு.

மை தீர்ந்துவிட்டது என்கிறாய். கடிதம் மையில்தான் இருக்கிறது.

காவல்காரர் சொன்னது இருக்கட்டும். நீ பார்த்ததை எழுது. எதுவானாலும் எழுது. நான் படித்துக்கொள்கிறேன்.

ருக்கையா


சிங்கப்பூர்
20 ஆகஸ்ட் 1934

லாத்தாவுக்குச் சலாம். நெடுநாளாக எழுதவில்லை. காய்ச்சல் என்று சொல்லலாம். காய்ச்சல் இல்லை. வேலை. நீங்களும் சலேஹாவும் சுகமென்று நம்புகிறேன்.

படம் முடிந்துவிட்டது. என் சொந்தப் படம். ஓடும் நேரம் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள்தான். ஆனால் இரண்டு மாதமாக வேறெதுவும் நினைக்கவில்லை.

முதலில் சவர நுரை. நாயகத்தை வரையவில்லை, பயப்படாதீர்கள். ஆளே கிடையாது. நுரை மட்டும். நுரை வழிந்து அலையாகிறது. அலை ஒரு சிறுமியின் கூந்தல். அவள் தன் கூந்தலுக்குள்ளேயே கண்ணாடியை வீசுகிறாள். அது இறங்குகிறது. வழியில் ஒவ்வொரு மீனும் நின்று முகம் பார்க்கிறது. பார்த்ததும் வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறது. மீனுக்கு இமை கிடையாது. என் மீன்களுக்கு உண்டு.

கப்பலின் வயிற்றில் ஓட்டை. வாய் போலத் திறந்து மூடுகிறது. கண்ணாடி அதில் ஒட்டவில்லை. உள்ளே போய்விடுகிறது. கப்பல் தன் ஓட்டைக்குள்ளே தானே நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. அங்கே வேறொரு கரை. வேறொரு சிறுமி. கண்ணாடி அவள் கையில். கப்பலிலிருந்து இறங்கியவர் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து தலை பின்னுகிறார். இந்தக் கரையில் இவள் கூந்தலை விரித்தபடி நிற்கிறாள். முடிந்தது.

ஏன் இப்படி முடிகிறது என்று முதலாளி கேட்டார். ஒரு பிள்ளையின் நம்பிக்கை எந்தக் கரையில் போய் ஒதுங்கும் என்று யார் சொல்ல முடியும் என்றேன். நானாக யோசித்தது.

கூந்தலைப் பார்த்துவிட்டு ஒரு தலை எண்ணெய் வியாபாரி படத்தை வாங்கிவிட்டார். கடைசியில் எண்ணெய்ப் புட்டி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அது என் வேலை அல்ல. ஜொகூர், மலாக்கா பக்கம் இலவசமாகக் காட்டப் போகிறார்களாம். அங்கே வராது. பெயர் எதுவும் இல்லை. யாருக்கும் தெரியாது.

இந்த ஓரத்தில் இமை உள்ள மீன், சலேஹாவுக்கு.

சீனி


சூலியா தெரு
25 செப்டம்பர் 1934

சீனிக்கு ருக்கையா எழுதுவது. சலாம். உயிரோடு இருக்கிறோம். நீயும் இருப்பாய்.

தர்கா கந்தூரி முடிந்தது. கொடி ஏற்றிய நாளிலிருந்து தெரு முழுக்கக் கூட்டம். கடைசி நாளுக்கு முந்தின நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு எண்ணெய்க்காரர்கள் காலி மனையில் வெள்ளைத் துணி கட்டினார்கள். இலவசம். பெண்களுக்குச் சாக்குத் திரை கட்டித் தனி இடம். நூர்ஜான் வந்து, "அடைஞ்சே கெடந்தா பைத்தியம் புடிக்கும், வா" என்றாள். போனேன். சலேஹா மடியில்.

உன் படம் என்று முதலில் தெரியவில்லை. மீன் கண்ணை மூடியதும் தெரிந்தது. சலேஹாவுக்கும் தெரிந்துவிட்டது. "மாமா மீனு" என்றாள்.

உன் படத்துக்கு வாய் கிடையாது என்று உனக்குத் தெரியும். அதற்கு ஒரு ஆள் வைத்திருக்கிறார்கள் என்று தெரியுமா? தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றிச் சொல்கிறான். வேடிக்கையாகச் சொன்னால்தான் எண்ணெய் விற்கும்.

கப்பலிலிருந்து ஆள் இறங்கினதும் குழல் கேட்டது: "பாத்தீங்களா அக்காமாரே! இங்கன ஒரு வீடு, அங்கன ஒரு வீடு! எந்த வீட்டுத் தலையில எண்ணெ மணக்குதோ அந்த வீட்டுலதான் மாப்புள எறங்குவாரு!" கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வாய் திறந்திருந்தது.

அந்த ஆள் பின்ன ஆரம்பித்தார். நாலு பிரி. சீனி, எவ்வளவு சரியாக வரைந்திருக்கிறாய். வலது ஓரப் பிரி இரண்டுக்கு அடியில் போய் ஒன்றின் மேல் திரும்புகிறது. என் பக்கத்தில் நூர்ஜான் சத்தமாகவே சொன்னாள்: "ஆத்தாடி, இது ஒம் மாப்புள மீரான் பின்னலாச்சே." சொன்ன பிறகுதான் வாயில் கை வைத்தாள். முன்வரிசை திரும்பியது. அதற்கு முன்வரிசையும் திரும்பியது.

சலேஹா மடியிலிருந்து எழுந்து திரைக்கு வெளியே ஓடினாள். துணிக்கு முன்னால் நின்று கத்தினாள்: "அது என் கண்ணாடி! அது என் வாப்பா! சேந்துருச்சு!"

குழல்காரன் விடவில்லை. "ஒங்க வாப்பாவாம்மா? அப்ப அந்தப் பொண்ணு யாரு, தங்கச்சியா?"

"ஆமா" என்றாள்.

இந்தத் தெரு இவ்வளவு சிரித்து நான் கேட்டதில்லை. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு எதுவும் தெரியாது. நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஆண்கள் நடுவே போனேன். அவள் வாயை என் கையால் பொத்தினேன். பொத்தியபடியே வீடு வரை வந்தேன். என் உள்ளங்கையில் அவள் பல் பதிந்திருந்தது.

அவளுக்கு வருத்தமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாப்பா மூழ்கவில்லை, வேறொரு கரையில் ஏறிவிட்டார், கண்ணாடி பத்திரமாக இருக்கிறது, அவளுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். மறுநாள் ஓதப் போன இடத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள்.

யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தேன்.

ருக்கையா


சிங்கப்பூர்
3 அக்டோபர் 1934

லாத்தாவுக்குச் சலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பினாங்குக்கு வராது என்றுதான் என்னிடம் சொன்னார்கள். முதலாளியோடு சண்டை போட்டேன். விற்ற சரக்கு என்கிறார்.

அந்த முடிவு வெறும் கற்பனை. கலையில் இப்படி நடக்கும். ஒரு உருவத்திலிருந்து இன்னொரு உருவம் பிறக்கும். கரை என்றால் மறுகரை, சிறுமி என்றால் இன்னொரு சிறுமி. அதற்கு அர்த்தம் தேட வேண்டியதில்லை. பின்னல் சலேஹாவின் பின்னல். நான் அந்த வீட்டில் வளர்ந்தவன், எத்தனை முறை பார்த்திருக்கிறேன். தெரு என்ன நினைத்தாலும் அது தெருவின் கற்பனை.

மச்சானைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

சீனி


சிங்கப்பூர்
11 நவம்பர் 1934

லாத்தாவுக்குச் சலாம். நீங்கள் பதில் எழுதவில்லை. உடம்பு எப்படி என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

சென்ற கடிதத்தின் கடைசி வரி பொய். ஜூனில் எழுதியதும் பொய்.

மே மாதக் கடைசி ஞாயிறு தொட்டிக்குப் போனேன். காவல்காரர் என்று யாரும் தடுக்கவில்லை. மச்சானுடைய கப்பல் அங்கே இல்லை. வாசலில் தேநீர் விற்கிறவர் கடையநல்லூர்க்காரர். "அந்தக் கப்பலா? அதுக்கு என்ன ஓட்டை? சயாம் ஓட்டத்துல நல்லாத்தான் ஓடுது. மீரான் வேணுமா? ஆத்தோரக் கம்பத்து வீடுகள்ல கேளு, வந்துட்டுப் போற ஆளுதான்" என்றார். போனேன்.

மரவீடு. படியில் மச்சான் உட்கார்ந்திருந்தார். முதுகுதான் தெரிந்தது. அவர் முழங்கால்களுக்கு நடுவே ஒரு சிறுமி. ஐந்து வயதிருக்கும். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் தலையைப் பின்னிக்கொண்டிருந்தார். நாலு பிரி. அவர் திரும்புவதற்கு முன்பே, அவள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. "சீனி, உக்காரு. இத முடிச்சிர்றேன். பாதியில விட்டா நாலும் அவுந்துடும்" என்றார். உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து ஒரு மலாய்ப் பெண் காப்பி கொண்டுவந்தார். குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு நான் யாரென்று தெரியாது. ஊர்க்காரப் பையன் என்று மச்சான் சொன்னார்.

வழியனுப்பும்போது, "லாத்தாகிட்ட நானே எழுதுறேன். நீ வாயத் தொறக்காதே" என்றார். சரி என்றேன்.

இது வரை எழுதிவிடலாம். இனிமேல்தான் எழுத முடியவில்லை.

அவர் பின்னுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. உங்கள் நினைவு வரவில்லை. சலேஹாவின் நினைவும் வரவில்லை. என் படத்துக்கு முடிவு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன். திரும்பி வரும்போது வேகமாக நடந்தேன், மறந்துவிடக் கூடாது என்று. எந்தப் பிரி எதற்கு அடியில் போகிறது என்பதை.

சீனி


சூலியா தெரு
15 டிசம்பர் 1934

தம்பிக்குச் சலாம். நோன்பு தொடங்கிவிட்டது. தலைநோன்பன்று எனக்குத் தலைசுற்றல், இப்போது பழகிவிட்டது. சலேஹா அரை நோன்பு பிடிக்கிறாள். கஞ்சி வரும் நேரத்துக்குச் சரியாக முடித்துவிடுவாள். நீ விடியுமுன் சஹருக்கு எழுந்து ஏதாவது சாப்பிடு. வெறும் வயிற்றில் படிக்காதே.

எனக்குத் தெரியும், சீனி. பிப்ரவரியிலேயே தெரியும். அவர் கடிதம் வந்த அடுத்த வாரம் அந்தக் கப்பல் பினாங்குக்கு வந்து வெளியே நங்கூரம் போட்டுவிட்டுப் போயிற்று. நூர்ஜான் புருஷன் தொங்கானில் சரக்கு இறக்கப் போனவர். கப்பல் வந்தது என்று மட்டும் சொன்னார். இவர் இறங்கவில்லை. இறங்காதவருக்கு இறங்க வேறு இடம் இருக்கும் என்று தெரிய ஒரு கல்லூரியும் வேண்டாம்.

பிறகு ஏன் உன்னைத் தொட்டிக்குப் போகச் சொன்னேன் என்று கேட்பாய். என் வாயால் சொல்ல முடியவில்லை. என் மனிதர் ஒருவர் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொன்னால், நான் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். அதற்கு உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை. எதுவானாலும் எழுது என்று கேட்டேன். எனக்கு ஒரு வரி எழுத முடியாதவன் இரண்டு மாதம் உட்கார்ந்து ஊருக்கே வரைந்து காட்டினாய்.

இதற்கு மேல் உன்னைத் திட்டமாட்டேன். திட்டினால் எனக்கும் பங்கு உண்டு. கூட்டத்தில் உண்மை பேசியது ஒரே ஒரு ஆள். அவள் வாயை நான் பொத்தினேன். என் உள்ளங்கையை இப்போதும் அவள் பார்க்கிறாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த அளவுக்கு. "அதான் நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்கிறாள்.

உன் மச்சான் இன்னும் எழுதவில்லை. காத்திருக்கவும் இல்லை.

தேங்காய் நார்க் கயிறு வாங்கிப் பழகி நாலு பிரி கற்றுக்கொண்டேன். கோணலாக வருகிறது. தலையைக் காட்ட ஒத்துக்கொண்டாள். பாதியில் வலிக்கிறது என்கிறாள், ஓடுவதில்லை.

இத்துடன் இருக்கும் சிவப்பு ரிப்பன் அவளுடைய பெருநாள் ரிப்பன். தானே இரண்டாக வெட்டினாள். பாதி அந்தப் பிள்ளைக்காம். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தேன். "அவளுக்கும் பெருநாள்தானே உம்மா" என்றாள். மடித்து உறைக்குள் வைத்தேன்.

தபாலில் போடாதே. நீயே எடுத்துக்கொண்டு போ. கொடுத்துவிட்டு எழுது. எனக்கு அல்ல, சலேஹாவுக்கு. அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நடந்ததை நடந்தபடி எழுது. படம் போடாதே.

ருக்கையா


சிங்கப்பூர்
10 ஜனவரி 1935

சலேஹாவுக்கு மாமா எழுதுவது. பெருநாள் சலாம். முழு நோன்பு எத்தனை பிடித்தாய்? நான் இரண்டை விட்டுவிட்டேன். எனக்குக் காய்ச்சல் இருந்தது. நிஜமான காய்ச்சல்.

பெருநாளன்று தொழுதுவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். படிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். ரிப்பன் சட்டைப்பையில் இருந்ததால் போகவில்லை.

கதவைத் திறந்தது அந்தப் பிள்ளைதான். பெயர் நோர்மா. முன்பற்கள் இரண்டு இல்லை. உன் வாப்பா வீட்டில் இல்லை. கப்பலில் போயிருக்கிறார். எப்போது வருவார் என்று அவர்களுக்கும் தெரியாது.

ரிப்பனைக் கொடுத்தேன். அந்த வீட்டு உம்மா வந்து யார் கொடுத்தது என்று மலாயில் கேட்டார்கள். சலேஹா என்றேன். சலேஹா யார் என்றார்கள். மீரானின் மூத்த மகள், பினாங்கில் இருக்கிறாள் என்றேன். உனக்கு எத்தனை வயது என்று கேட்டார்கள். ஏழு என்றேன். நோர்மாவைப் பார்த்தார்கள். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.  அப்புறம் உள்ளே போய், பெருநாள் பலகாரம் ஒரு தட்டில் வைத்து எனக்குக் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். 

நோர்மாவின் தலை பின்னியிருக்கவில்லை. விரித்துத்தான் இருந்தது. அந்தப் பின்னல் அங்கேயும் வேறு யாருக்கும் வராதாம். பழைய பின்னலை அவிழ்க்கவிடாமல் வெகுநாள் வைத்திருந்தாளாம், பெருநாள் குளியலுக்கு அவிழ்த்தே ஆக வேண்டியதாயிற்று என்று அவள் உம்மா சொன்னார்கள்.

கண்ணாடியைப் பற்றிக் கேட்பாய். அந்த வீட்டில் கண்ணாடி இல்லை. உன்னுடையது இல்லை, வேறெதுவும் இல்லை. படத்தில் அவள் கையில் இருப்பதாக வரைந்தது நான். அப்படி நான் பார்க்கவில்லை. கடலுக்குள் நான் பார்த்ததில்லை. அதனால் உன் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நோர்மா ரிப்பனைத் தானே கட்டிக்கொண்டாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி என்னிடம் காட்டினாள். நேராக இருக்கிறதா என்று கேட்டாள்.

அழகாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்திருக்கிறது என்றேன். அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள். மறுபடி காட்டினாள். இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதையும் சொன்னேன். மூன்றாவது முறை சரியாக வந்தது.

நான் பார்த்தது இவ்வளவுதான்.

உம்மாவுக்கு என் சலாம் சொல். கேட்டால் மட்டும்.

மாமா
சீனி முகம்மது